மாமா மொட்டை, ஆகவே இது கனவு

கனவு எல்லோருக்கும் தானாக வருகிறது. அதற்கென்று பயிற்சி எடுத்துக்கொண்டு, அந்தப் பயிற்சியிலும் அரைகுறையாகத் தேறி, அதனாலேயே குடும்ப மானத்தைக் காற்றில் விட்டவன் எங்கள் திருத்தணித் தாலுகாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு தூக்கிப் போடுகிறது. உள்ளங்கையில் ஈரச் சந்தனம் ஒட்டியிருப்பதுபோல் வேட்டியில் துடைத்துக்கொள்கிறேன். (போகாது. வேண்டுமானால் என் மனைவியிடம் கேளுங்கள்.)

யுத்தம் முடிந்தும் பெட்ரோல் சரியாகக் கிடைக்காத காலம் அது. திருத்தணிக்கும் பொதட்டூர்பேட்டைக்கும் நடுவே ஓடிய கரி பஸ்ஸில் நான் கண்டக்டர். கரி பஸ்ஸைப் பார்க்காத பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன். பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையால் ஓடும் அந்தப் பஸ்ஸின் பின்பக்கம் ஓர் இரும்பு உருளை நிற்கும். விடிவதற்கு முன்னால் அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி விசிறியால் ஊதவேண்டும். தோள்பட்டை கழன்று கையில் வரும் சமயத்தில் பஸ் ஒரு இருமல் இருமும். பிறகு நாள் முழுக்க அது இருமும், நானும் இருமுவேன். இந்த வேலையால் மத்தியானம் எங்கே உட்கார்ந்தாலும் எனக்குத் தூக்கம் வந்துவிடும். நின்றால்கூட வரும்.

டிரைவர் காதர். என் வயதுதான், அரக்கோணத்துக்காரன். பஸ் நடுவழியில் நின்றுவிட்டால் கரி சூடேறும்வரை பேசிக்கொண்டிருப்போம். அப்படி ஒரு நாள் புளியமரத்தடியில் அவன் சாதாரணமாகச் சொன்னான்:

"நேத்து கனவுல ரயில் ஓட்டிக்கினு போனேன்பா. இது கனவுதானேன்னு தண்டவாளத்த உட்டு எறக்கி, ஏரித் தண்ணி மேலயே ஓட்டனேன். சோக்கா போச்சி."

"கனவுக்குள்ள இருக்கும்போதே கனவுன்னு எப்பிடிடா தெரிஞ்சிது?"

"இன்னாடா கேள்வி இது? தெரிஞ்சிது. ஒனக்குத் தெரியாதா?"

எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு நிஜத்திலேயே பல விஷயங்கள் தெரியாது. ஆனால் அவன் சொன்னதைக் கேட்டதும் எனக்கு ஒரு வெறி பிடித்துவிட்டது. கனவில் இது கனவு என்று தெரிந்துகொண்டால் நினைத்ததைச் செய்யலாம், யாருக்கும் பயப்பட வேண்டாம், யாரும் கேட்க முடியாது. எனக்குச் செய்யவேண்டிய காரியம் ஒன்று இருந்தது. என் மாமன் மகள் பொற்கொடியிடம் நாலு வார்த்தை பேசவேண்டும்.

பொற்கொடி தொட்டிலில் கிடக்கும்போதே "இவ என் மருமவ" என்று என் அம்மா சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் அக்கா மகனுக்குத் தம்பி மகள் என்பது எழுதாத சட்டம். அம்மா அக்கா மட்டுமல்ல, தாயில்லாத தம்பியைச் சோறூட்டி வளர்த்தவரும் அவர்தான். ஆகவே மாமா இல்லை என்று சொல்ல வழியே கிடையாது. ஆனால் ஆமாம் என்றும் அவர் சொல்லவில்லை. மூன்று வருஷமாக "பாக்கலாங்கா" என்று இழுத்துக்கொண்டிருந்தார். பொற்கொடியின் மனசு என்ன என்பது யாருக்கும் தெரியாது. எனக்கு அவளிடம் கேட்க தைரியம் கிடையாது. அவள் எங்கள் பஸ்ஸில் ஏறினால் "டிக்கெட்" என்று சொல்வேன். மூன்று வருஷத்தில் அவளிடம் நான் பேசிய ஒரே வார்த்தை அதுதான். அதிலும் பாதி நாள் 'டிக்' மட்டும்தான் வெளியே வரும்.

காரணம் மாமா. பெயர் கதிர்வேலு. சுயமரியாதைக்காரர் ஆன அன்று பெயரிலிருந்து வேலைக் கழற்றிவிட்டு வெறும் கதிர் ஆனவர். மலைக்குப் போகும் சாலையிலேயே தையல் கடை வைத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து அந்த மலையில் ஒரு படிகூட ஏறாதவர். சிங்கத்தின் பிடரி மாதிரி கிராப்பு வைத்திருப்பார். அதைப் பின்னால் தள்ளி வாரிக்கொண்டு, கழுத்தில் அளவு நாடாவோடு கடை வாசலில் நிற்பார். மொட்டை அடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு இறங்கி வருகிறவர்களைப் பார்த்தால் அவருக்கு உற்சாகம் பிறந்துவிடும்.

"மேல போறப்போ இவன் தலைக்குள்ள ஒண்ணுமில்ல. கீழ வர்றப்போ வெளியவும் ஒண்ணுமில்ல!" என்பார்.

என் பெயர் தணிகாசலம். சாமி பெயர் என்பதால் அவர் வாயில் அது வரவே வராது. "டேய் கண்டக்டரு" என்றுதான் கூப்பிடுவார். அந்தக் குரலைக் கேட்டாலே நான் பஸ்ஸுக்குப் பின்னால் போய்க் கரியைக் கிளற ஆரம்பித்துவிடுவேன்.

கனவிலும் அவர் விடவில்லை. பொற்கொடி வருவாள், பக்கத்தில் நிற்பாள், நான் வாயைத் திறப்பேன். உடனே அவளுக்குப் பின்னாலிருந்து மாமா வருவார். ஏனென்று தெரியவில்லை, என் கனவில் மட்டும் அவர் மொட்டைத் தலையோடு வருவார். அளவு நாடாவை என் கழுத்தில் சுற்றி அளந்துகொண்டே, "பத்தாது, இன்னும் இறுக்கணும்" என்பார். நான் அலறிக்கொண்டு எழுந்திருப்பேன்.

இதைக் காதரிடம் சொன்னபோது அவன் தொடையில் தட்டினான்.

"அதாண்டா உன் அடையாளம்! உங்க மாமா நெசத்துல மொட்ட போடுவாரா?"

"அவரா? மலை எறங்கி அவரு கடைக்கு வந்தாலும் வரும், அவரு மலை ஏற மாட்டாரு."

"அப்போ முடிஞ்சிது. மாமா மொட்டையா வந்தா அது கனவு. தூங்கறதுக்கு முன்னாடி இதையே சொல்லிக்கினே படு. பகல்லயும் அப்பப்போ இது கனவான்னு கேட்டுக்கினு, வாய மூடி, மூக்கப் பொத்தி, மூச்சு இஸ்து பாரு. மூச்சு வந்துதுன்னா கனவு. வரலன்னா நெசம். இத பழக்கப்படுத்திக்கினா கனவுலயும் தானா செய்வ."

இப்போது நீங்கள் யோசியுங்கள். கடைத்தெருவில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டால் ஏதாவது ஒரு மொட்டைத் தலையில்தான் விழும், அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன் நான். கனவுக்கு அடையாளமாக மொட்டைத் தலையைத் தேர்ந்தெடுத்தேன். என் புத்தி அன்றைக்கு எவ்வளவு கூர்மையாக இருந்தது என்பதற்கு இதுவே போதும்.

பயிற்சி ஆரம்பமாயிற்று. படுத்துக்கொண்டு "மாமா மொட்டை, இது கனவு, மாமா மொட்டை, இது கனவு" என்று முணுமுணுப்பேன். அம்மா பக்கத்து அறையிலிருந்து, "டேய், வளத்த தம்பிடா அவன்! அவன் முடி மேல உனக்கு இன்னாடா வயித்தெரிச்சல்?" என்று கத்துவார்.

பகல் பயிற்சி இன்னும் மோசம். டிக்கெட் கொடுக்கப் போகும்போதெல்லாம் திடீரென்று ஞாபகம் வரும். உடனே மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு மூச்சை இழுப்பேன். ஒரு கண்டக்டர் பயணியின் முன்னால் வந்து நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டால் பயணி என்ன நினைப்பார்? லுங்கி மூட்டையோடு ஏறிய ஒரு நெசவுக்காரம்மா, "இன்னாப்பா, நாங்க இன்னா நாறுறமா? உன் கரி பஸ்ஸு நாத்தத்த விடவா?" என்று எழுந்து நின்றுவிட்டார். பின் சீட்டில் இரண்டு பேர் தெலுங்கில் திட்டினார்கள். அது முழுக்கப் புரிந்ததுதான் வருத்தம்.

அடுத்த வாரம் துணி எடுக்கப் பொதட்டூர்பேட்டைக்குப் போக மாமா ஏறினார். அவரைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. கனவோ? முகத்துக்கு நேராக நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டேன். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது. மூச்சு வரவில்லை. நிஜம்தான் என்று தெரிந்து, நிம்மதியாக, "டிக்கெட் மாமா" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிக்கெட்டை வாங்கிக்கொண்டு முன் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தார். இறங்கும்போது காதரிடம், "இவன் நல்லாத்தான கீறான்?" என்று கேட்டாராம்.

அன்றோடு மூக்குப் பிடிப்பதை நிறுத்திவிட்டேன். அதுதான் நான் செய்த மகா தப்பு என்பது பிற்பாடு தெரிந்தது.

ஆனால் கனவு பலித்தது! ஒரு மத்தியானத் தூக்கத்தில் மாமா மொட்டையாக வந்தார், எனக்குச் சுரீரென்று உறைத்தது: மாமா மொட்டை, ஆகவே இது கனவு! அடேயப்பா, அந்த ஆனந்தத்தை என்னவென்று சொல்வது? ஆனந்தம் தாங்காமல் உடனே விழித்துக்கொண்டேன். காதரிடம் ஓடினேன்.

"குஷியாயிட்டா கலைஞ்சிடும்டா. பதறாத. ரெண்டு கையையும் பரபரன்னு தேச்சிக்க. நின்ன எடத்துலயே ஒரு சுத்து சுத்து. கைக்கு எட்டறது எதுனா தொட்டுப் பாரு. அப்பதான் கனவு நிலைக்கும். மாமா வந்தாரா, கரைஞ்சி போன்னு சொல்லு. போயிடுவாரு. உன் கனவுடா அது, நீதான் மொதலாளி."

இரண்டாவது தடவை அப்படியே செய்தேன். கையைத் தேய்த்தேன், சுற்றினேன், "கரைஞ்சி போ மாமா" என்றேன். தண்ணீரில் போட்ட வெல்லம் மாதிரி கரைந்து போனார். பொற்கொடி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். வெளியே காதர் ஆரன் அடித்துவிட்டான்.

மூன்றாவது தடவை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். என்ன பேசுவது என்று வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்து வைத்துக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் மாமாவிடமிருந்து ஆள் வந்தது. "ஞாயித்துக்கெழம சாயங்காலம் அக்கா வூட்டுக்கு வர்றேன். ஒரு விசயம் பேசி முடிக்கணும்." அம்மாவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. கல்யாணத் தேதி குறிக்கத்தான் வருகிறார் என்று வீட்டை மெழுகிக் கோலம் போட்டார். என்னைக் குளிக்கவைத்து, இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைப் போடச் சொல்லி, கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்தார்.

"காபிக்குப் பால் வாங்கியாறேன். மாமா வந்தா எழுந்து நின்னு வாங்கன்னு சொல்லு. தூங்கித் தொலைக்காத!"

தூங்கவே கூடாது என்றுதான் நினைத்தேன். சும்மா ஒரு பேச்சுக்குக் கண்ணை மூடினேன்.

ஏதோ செருப்புச் சத்தம். கண் திறந்தேன். வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். தலையில் ஒரு முடி இல்லை. மழுமழுவென்று மொட்டை. அதன்மேல் சந்தனம். அவருக்குப் பின்னால், கையில் தேங்காய் பழப் பையோடு பொற்கொடி.

என் நெஞ்சு குதித்தது. வந்துவிட்டது! மூன்றாவது தடவை! பதறாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெதுவாக எழுந்தேன். இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்தேன். நின்ற இடத்தில் பம்பரம்போல் ஒரு சுற்று சுற்றினேன். கனவு கலையவில்லை. தெள்ளத்தெளிவாக இருந்தது.

மாமா தயங்கித் தயங்கி, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அக்கா இல்லியா? ஒண்ணுமில்ல... ஜோசியர்கிட்ட போயிருந்தேன். ஒனக்கும் பொற்கொடிக்கும் ஜாதகம் பொருந்தலன்னு சொல்லிட்டாரு. ராகு சரியில்லயாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா ஜோசியரிடம் போனாரா! ராகுவாம்! இருந்த ஒரு துளி சந்தேகமும் போயிற்று. இப்படியொரு அபத்தம் கனவைத் தவிர வேறெங்கே நடக்கும்?

"கரைஞ்சி போ" என்றேன்.

"இன்னாடா?"

"கரைஞ்சி போ மாமா. போன தடவ போன மாதிரி போ."

அவர் கரையவில்லை. பொற்கொடியின் வாய் திறந்தபடி நின்றது. நான் கண்ணை மூடித் திறந்தேன். அப்போதும் நின்றார். சரி, கனவு இன்னும் நிலைக்கவில்லை, கைக்கு எட்டியதைத் தொடவேண்டும் என்று காதர் சொன்னது ஞாபகம் வந்தது. கைக்கு எட்டும்படி எதிரில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"மாமா, கொஞ்சம் குனி."

அவர் குனிந்தார். (ஏன் குனிந்தார் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. "அதிர்ச்சிடா, அதிர்ச்சி. இன்னா செய்யறோம்னே தெரியல" என்று பிற்காலத்தில் சொன்னார்.) நான் உள்ளங்கையை அந்த மொட்டையின் மேல் வைத்து முன்னும் பின்னும் தடவினேன். சந்தனம் ஜில்லென்று இருந்தது. காதோரம் கத்தி பட்டுச் சின்னதாக ஒரு கீறல்கூட இருந்தது. என் கனவின் நுணுக்கத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"அருமையா வந்திருக்குது" என்று சொல்லி, இரண்டு தட்டும் தட்டினேன்.

மாமா நிமிர்ந்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. பேய் அறைந்தவர் மாதிரி நின்றார். நிஜத்தில் அவரை "வாங்க, போங்க" என்று மட்டுமே பேசிய நான், கனவில் ஏன் மரியாதை என்று ஆரம்பித்தேன்.

"உன்ன கண்டு பயந்தே என் ஆயுசு பாதி போச்சி மாமா. ஊருக்கெல்லாம் சமத்துவம் பேசுற. சொந்த அக்கா மவன ஒரு நாளாச்சும் பேர் சொல்லி கூப்ட்டியா? நீ ஓரமா நில்லு. நான் பேச வந்தது உன்கிட்ட இல்ல."

அவர் ஓரமாக நின்றார். நான் பொற்கொடி பக்கம் திரும்பினேன். தயார் செய்துவைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

"பொற்கொடி, நீ பஸ்ல ஏறற அன்னிக்கெல்லாம் எனக்குச் சில்லற எண்ண வராது. நெசத்துல உன்கிட்ட பேச எனக்கு தைரியம் கெடயாது. இது கனவு, அதனாலதான் பேசறேன். என்ன கட்டிக்க உனக்கு இஷ்டமா? என் கனவு இது, நான் நெனச்சா உன்ன ஆங்னு சொல்ல வெச்சிடலாம். ஆனா அது வேணாம். அது எனக்குப் புடிக்கல. நீயா சொல்லு. வேணாம்னாலும் சொல்லு."

அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கனவில் ஒருத்தி இவ்வளவு அழகாகத் திகைக்க முடியுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அவசரம் இல்ல. நல்லா யோசி. நான் மலை வரைக்கும் ஒரு சுத்து பறந்துட்டு வந்துடறேன்."

சொல்லிவிட்டுக் கட்டில் சட்டத்தின் மேல் ஏறினேன். கையை விரித்தேன். வாசலைப் பார்த்துப் பாய்ந்தேன்.

சரியாக அந்த நேரத்தில் அம்மா பால் சொம்போடு உள்ளே நுழைந்தார். சொம்பு ஒரு பக்கம் போயிற்று. பால் என்மேல் கொட்டியது. என் மோவாய் வாசற்படியில் மோதி, பல் நாக்கைக் கடித்து, வாய்க்குள் ரத்தம் உப்புக் கரித்தது.

கனவில் விழுந்தால் வலிக்காது என்று காதர் சொல்லியிருந்தான். எனக்கு வலித்தது. உயிர் போகிற மாதிரி வலித்தது. குப்புறக் கிடந்தபடியே, வாயை மூடிக்கொண்டு மூக்கைப் பிடித்தேன். மூச்சை இழுத்தேன்.

வரவில்லை.

இன்னொரு தடவை இழுத்தேன். வரவில்லை. சாமி, கொஞ்சம், ஒரு துளி மூச்சு வரக்கூடாதா என்று கெஞ்சிக்கொண்டே இழுத்தேன். வரவே இல்லை. மூச்சு முட்டிச் செத்தாலும் பரவாயில்லை என்று மூக்கை விடாமல் கிடந்தேன். அந்த மொட்டை நிஜம். அந்தச் சந்தனம் நிஜம். நான் தட்டிய இரண்டு தட்டும் நிஜம். நான் கேட்ட கேள்வியும் நிஜம். என் ஆயுளில் அப்படி ஒரு திகில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

நல்லவேளையாக அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. தம்பியின் தலையைப் பார்த்துச் சிலையாகிவிட்டார்.

"கதிரு! இன்னாடா இது? நீயா? நீயா மலைக்குப் போன?" அவருக்கு அதிர்ச்சி மெல்ல மெல்லச் சந்தோஷமாக மாறியது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முருகா! கண்ணாலம் நல்லபடியா நடக்கணும்னு வேண்டிக்கினு மொட்ட போட்டியாடா என் ராசா?"

அதுவரை கல்லாக நின்ற மாமா வெடித்துவிட்டார்.

"நடக்கணும்னா? இவன் எனக்கு மாப்ளயா வரக்கூடாதுன்னு வேண்டிக்கினு போட்டேங்கா! மூக்கப் புடிச்சிக்கினு நிக்கிறான், தனியா பேசறான், பைத்தியமோன்னு எனக்குத் தூக்கமே இல்ல. உன்கிட்ட வேணாம்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. வேற வழி தெரியாம ஒரே ஒரு தபா அந்த மலையப் பாத்து, இதுலருந்து என்ன காப்பாத்துன்னு நெனச்சேன். மறுநாளே அரக்கோணத்துலருந்து ரயில்வே மாப்ள வூட்டுக்காரங்க பொண்ணு கேட்டு வந்துட்டாங்க! வாக்கு வாக்குதானேன்னு போயி போட்டுக்கினேன்!"

சொல்லிமுடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்குப் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

ஒரு சுயமரியாதைக்காரர் தன் கொள்கையை விட்டு, பிறந்ததிலிருந்து ஏறாத மலையில் ஏறி, பிடரியை இறக்கிவிட்டு வந்தது என்னிடமிருந்து தப்பிப்பதற்காக! குப்புறக் கிடந்த எனக்கு அதைக் கேட்டதும் நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது. அவர் கடைத்தெரு வழியாக நடந்து வந்தபோது, வெற்றிலைக் கடைக்காரர் கையிலிருந்த சுண்ணாம்பு டப்பியைக் கீழே போட்டுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவ்வளவு அவமானத்தையும் தாங்கிக்கொண்டு அந்த மனிதர் நடந்து வந்திருக்கிறார்.

அம்மா கொட்டிய பாலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் கேட்டார். "என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமேடா கதிரு. நான் இன்னா உன்ன அடிச்சிடுவனா?"

"சோறு ஊட்டின கைக்கு எப்பிடிக்கா வேணாம்னு சொல்றது?" என்றார் மாமா. அவர் குரல் உடைந்துபோயிற்று. எனக்கும் அழுகை வந்தது. (நாக்கு வலியாலும் இருக்கலாம்.)

இனிமேல் ஒன்றுமில்லை, எழுந்து அப்படியே பஸ் ஷெட்டுக்கு ஓடிவிடலாம் என்று நான் கையை ஊன்றியபோது பொற்கொடி பேசினாள்.

"நைனா, என்ன ஏன் கேக்கல?"

மாமா திரும்பினார்.

"மேடையில ஏறினா பொண்ணோட சம்மதம் இல்லாம கண்ணாலம் பண்ணாதீங்கன்னு பேசற. அத்த என்ன கேக்காமலே தொட்டில்ல முடிவு பண்ணிட்டாங்க. நீ மலையக் கேட்ட, ஜோசியரக் கேட்ட, அரக்கோணத்துக்காரங்களக் கேட்ட. என்ன ஒருத்தரும் கேக்கல. இன்னிக்கு எதுக்கு மொட்டன்னு கேட்டதுக்குக்கூட, போன வருசம் உனக்கு வந்த காய்ச்சலுக்குன்னு பொய் சொன்ன." என்னை நோக்கி விரலை நீட்டினாள். "இவரு ஒருத்தருதான் கேட்டாரு. கனவுன்னு நெனச்சிக்கினு, யாரு கண்ணுக்கும் தெரியாத எடத்துல, என்ன ஆங்னு சொல்ல வெக்கலாம்னு தெரிஞ்சும், நீயா சொல்லுன்னு கேட்டாரு."

நான் மூச்சுவிடவும் மறந்திருந்தேன். இந்தத் தடவை மூக்கைப் பிடிக்காமலே.

"நான் சொல்றேன்" என்றாள் என்னைப் பார்த்து. "ஆங். இஷ்டம்தான். ஆனா இனிமே பஸ்ல யாரு முன்னாடியும் மூக்கப் புடிக்கக்கூடாது."

மாமாவின் கை தானாக மேலே போய், வழக்கம்போல் முடியைப் பின்னால் தள்ளப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை.

"அப்போ நான் குடுத்த முடிய யாருகிட்டமா திருப்பிக் கேக்கறது?" என்றார்.

பாலில் உட்கார்ந்திருந்த அம்மாதான் முதலில் சிரித்தார்.

மறுநாள் விடியற்காலையில் கரியைக் கொட்டிக்கொண்டே காதரிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் கைப்பிடியை விட்டுவிட்டு என்னையே பார்த்தான். "மூக்கப் புடிச்சிப் பாத்தியாடா?" "பாத்தேன். கீழ விழுந்தப்புறம்." அவன் பஸ்ஸின் பின் தகரத்தில் தலையை வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்துக் குலுங்கினான். அன்றைக்குப் பஸ் தாமதமாகத்தான் கிளம்பியது.

கல்யாணம் நடந்தது, மாமாவின் விருப்பப்படி ஐயர் இல்லாமல், மாலை மாற்றி. அவருக்கு முடியும் வளர்ந்தது. ஆனால் என் கனவுப் பயிற்சி அத்தோடு சரி. அதன்பிறகு என் கனவில் மாமா அடர்ந்த கிராப்போடுதான் வருகிறார். எது கனவு எது நிஜம் என்று கண்டுபிடிக்க எனக்கு வழியே இல்லாமல் போய்விட்டது.

கல்யாணமாகி நாலைந்து வருஷம் மாமா அந்த மொட்டையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு கூட்டத்தில் யாரோ "கடவுள் இல்லைன்னு என்ன ஆதாரம்?" என்று கேட்டிருக்கிறார்கள். மாமா மேடையிலிருந்தே கூட்டத்தில் உட்கார்ந்திருந்த என்னைச் சுட்டிக் காட்டினார். "எழுந்து நில்லுடா தணிகாசலம்!" என்றார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாரே என்ற சந்தோஷத்தில் நான் எழுந்து நின்று கும்பிடு வேறு போட்டேன். "இவன் எனக்கு மாப்ளயா வரக்கூடாதுன்னு வேண்டிக்கினு மொட்ட போட்டேன் ஐயா. வந்துட்டான். இதுக்கு மேல இன்னா ஆதாரம் வேணும்?" என்றார். கூட்டம் அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

அன்றிலிருந்து காதுகுத்தானாலும் கிரகப்பிரவேசமானாலும் எங்கள் குடும்பத்தில் இந்த வழக்கு நடக்காமல் இலை போடுவதில்லை. என்னை நடுவில் சாட்சியாக உட்காரவைத்துவிடுவார்கள். மாமாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது, ஆனால் வாதம் மங்கவில்லை. "வேண்டிக்கினது நடக்கல. அதனால சாமி இல்ல" என்பார்.

என் மனைவி பரிமாறிக்கொண்டே பதில் சொல்வாள்: "வேண்டிக்கினது நடக்காததாலதான் நைனா, சாமி கீது."